லொம்பொக் தீவில் ஒரு குடும்பச் சுற்றுலா: வியாபாரியின் கணக்கும் கடலின் கணக்கும்

வழமையாக இந்தப் பத்தியில் கடன், காசோலை, கடை வாடகை, சரக்கு இருப்பு என்று தான் எழுதி வருகிறேன். இம்முறை குடும்பத்தோடு விடுமுறை போவதைப் பற்றி எழுதப் போகிறேன். வியாபாரப் பக்கத்தில் இதற்கு என்ன வேலை என்று சில சகோதரர்கள் கேட்கக்கூடும். காரணம் இருக்கிறது.

நம்மவர்களில் பலர் இரண்டு பெருநாட்களுக்கும், நெருங்கிய உறவினரின் ஜனாஸாவுக்கும் தவிர வேறெதற்கும் கடையைப் பூட்டுவதில்லை. பிள்ளைகள் எப்போது வளர்ந்தார்கள் என்பது கூட நமக்குத் தெரியாது. அப்படியே ஒரு முறை குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வெளிநாடு போனாலும், அந்தப் பயணத்தையும் சரக்கு எடுக்கப் போகும் பயணம் போலவே நடத்துகிறோம். கொடுத்த காசுக்கு எத்தனை இடம் பார்த்தோம் என்று எண்ணுகிறோம். நானும் அப்படித்தான் எண்ணினேன். அந்தக் கணக்கினால் என் இளைய மகனைக் கடலில் பறிகொடுக்கப் பார்த்தேன். அல்ஹம்துலில்லாஹ், அல்லாஹ் காப்பாற்றித் தந்தான். இந்த வருடம் பிள்ளைகளோடு கடலுக்குப் போக எண்ணியிருக்கும் எவருக்காவது பயன்படட்டும் என்று தான் இதை எழுதுகிறேன்.

ஏன் லொம்பொக்?

இந்தோனேசியாவின் பாலித் தீவை எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதற்குக் கிழக்கே, ஒரு நீரிணைக்கு அப்பால் இருப்பது லொம்பொக். பாலியில் இந்துக்கள் பெரும்பான்மை. லொம்பொக்கில் சசாக் இன முஸ்லிம்கள் பெரும்பான்மை. மூன்று மில்லியனுக்கு மேற்பட்ட மக்கள் வாழும் இந்தத் தீவை 'ஆயிரம் பள்ளிவாசல்களின் தீவு' என்று இந்தோனேசியர்கள் அழைக்கிறார்கள். எந்தக் கிராமத்தைக் கடந்தாலும் ஒரு குப்பா கண்ணில் படும். சாப்பாட்டுக் கடையில் ஹலாலா என்று விசாரித்துக்கொண்டு நிற்கத் தேவையில்லை. குடும்பத்தோடு போகிறவனுக்கு இது பெரிய நிம்மதி.

சாப்பாடும் நமக்கு அந்நியமில்லை. நம் நாட்டு மலாய் சகோதரர்களின் முன்னோர்களில் பலர் ஒல்லாந்தர் காலத்தில் இந்தத் தீவுக் கூட்டத்திலிருந்து வந்தவர்கள் தானே. சம்பல், சாத்தே, நாசி கோரெங் எல்லாம் நம் வீட்டிலும் புழங்குகிற பெயர்கள். நாம் கங்குன் என்று சுண்டிச் சாப்பிடும் கீரையை அங்கே 'கங்குங்' என்கிறார்கள். அதை அவித்து, உறைப்பான தக்காளிச் சம்பல் போட்டு, 'தாலிவாங்' என்னும் சுட்ட கோழியோடு தருகிறார்கள். உறைப்பு நம் மட்டக்களப்புப் பக்கத்து ஆட்களுக்கே போதும்.

இலங்கையிலிருந்து நேரடி விமானம் இல்லை. கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ இறங்கி மாற வேண்டும். வீசா விதிகள் அடிக்கடி மாறுகின்றன. டிக்கட்டுக்குக் காசு கட்ட முன்பு அவர்களுடைய தூதரகத்தில் கேட்டுக் கொள்ளுங்கள். ஓர் அமெரிக்க டொலருக்கு 15,000 ரூபியாவுக்கு மேல் கிடைக்கும். பூச்சியங்களைப் பார்த்து மயங்க வேண்டாம். முதல் நாளே ஒரு சின்னக் கடுதாசியில் நம் ரூபாவுக்கு என்ன பெறுமதி என்று எழுதிச் சட்டைப் பையில் வைத்துக் கொள்ளுங்கள்.

மலை நடுவிலே, பாதை சுற்றிலே

லொம்பொக் ஓர் எரிமலைத் தீவு. வடக்கே 3,726 மீற்றர் உயரத்தில் ரிஞ்சானி மலை நிற்கிறது. இந்தோனேசியாவின் எரிமலைகளில் உயரத்தில் இது இரண்டாவது. நமது பீதுருதாலகால மலையை விட 1,200 மீற்றர் அதிகம். 1257 ஆம் ஆண்டளவில் ரிஞ்சானியின் பக்கத்தில் நின்ற சமாலாஸ் என்ற சிகரம் வெடித்துச் சிதறியது. கடந்த சில ஆயிரம் வருடங்களில் உலகம் கண்ட மிகப் பெரிய வெடிப்புகளில் அதுவும் ஒன்று என்று விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். அந்த வெடிப்பு இந்த மலையில் தான் நடந்தது என்று 2013 இல் தான் நிறுவினார்கள். வெடித்த பள்ளத்தில் இன்று 'செகாரா அனாக்' என்னும் ஏரி இருக்கிறது. அந்த ஏரிக்குள்ளே பாருஜாரி என்ற சிறிய எரிமலை முளைத்து இன்னும் உயிரோடு இருக்கிறது. 2015 இலும் 2016 இலும் அது சாம்பல் கக்கியது.

சுற்றுலாத் திட்டம் போடுகிறவனுக்கு இதில் இரண்டு விசயங்கள் முக்கியம்.

முதலாவது, தூரம். வரைபடத்தில் இரண்டு இடங்கள் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். ஆனால் நடுவே மலை. பாதை கரையோரமாகவோ மலைச் சரிவாலோ சுற்றித்தான் போகும். மேற்குக் கரையில் செங்கிகி என்னும் இடத்தில் தங்கியிருந்தால், மலையடிவாரத்திலுள்ள செனாரு கிராமத்துக்குப் போக இரண்டு மணித்தியாலத்துக்கு மேலாகும். வரைபடத்தில் விரலால் அளந்து நேரம் குறிப்பவன் ஏமாந்து போவான்.

இரண்டாவது, மலையும் கடலும் தனித்தனி நேரம் வைத்திருக்கின்றன. காலையில் சிகரம் தெளிவாகத் தெரியும். வெயில் ஏற ஏற மேகம் மூடிக்கொள்ளும். கடலும் காலையில் தான் அமைதி. பின்னேரம் காற்று எழும்பி அலை முறியும். இரண்டுமே காலையைத்தான் கேட்கின்றன. ஒரு நாளில் ஒரு காலை தான் இருக்கிறது. இந்தச் சின்ன விசயம் எனக்கு விளங்கவில்லை.

நான் போட்ட திட்டம்

சென்ற ஓகஸ்ட் பாடசாலை விடுமுறையில் நான், மனைவி, மூத்த மகள், மருமகன், நான்கு வயதுப் பேத்தி, பதினான்கு வயது இளைய மகன் என ஆறு பேர் போனோம். கொள்கலனில் சரக்கு ஏற்றும்போது ஓர் அங்குலம் கூட வெறுமையாக விடக்கூடாது என்பது நமது தொழில் பழக்கம். வெறும் இடத்துக்கும் கப்பல் கூலி கொடுக்கிறோம் அல்லவா? ஆறு நாட்களையும் அதே மாதிரி அடுக்கினேன்.

செனாருவில் செண்டாங் கிலே, தியு கெலேப் என்று இரண்டு நீர்வீழ்ச்சிகள் உண்டு. செனாருவிலிருந்து திரும்பி வரும் பாதையில் தான் பங்சல் என்னும் சிறிய துறைமுகம் இருக்கிறது. அங்கிருந்து தான் மூன்று சிறு தீவுகளுக்குப் படகு போகும். எனவே காலையில் நீர்வீழ்ச்சி, பின்னேரம் கடல். ஒரே பாதை, ஒரே வேன். ஒரு நாள் வேன் வாடகை மிச்சம். கொழும்பில் இருந்து கொண்டே இப்படிக் கணக்குப் போட்டு, என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

சுபஹு தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். செண்டாங் கிலேக்குப் படிகளால் இறங்கிப் போகலாம். தியு கெலேப்புக்கு அதற்கு மேலும் காட்டுப் பாதையில் நடந்து, ஓடையில் இறங்கிக் கடக்க வேண்டும். ரிஞ்சானியில் பெய்யும் மழை மலைக்குள்ளே ஊறி, இங்கே பாறை இடுக்குகளால் வெள்ளைத் திரை போல விழுகிறது. தண்ணீர் ஐஸ் மாதிரி. பேத்தி திரும்பி வர மாட்டேன் என்று அடம் பிடித்தாள். உண்மையில் அந்த நாள் முழுவதற்கும் அந்த ஓர் இடம் போதுமாக இருந்தது. பக்கத்தில் பாயான் என்னும் ஊரில், மூங்கில் சுவரும் மண் தரையும் கொண்ட பல நூற்றாண்டுப் பழைமையான பள்ளிவாசல் ஒன்று இருக்கிறது. இந்தத் தீவுக்கு இஸ்லாம் வந்த காலத்தின் அடையாளம் அது. அதைப் பார்க்க மகள் ஆசைப்பட்டாள். நான் மணிக்கூட்டைப் பார்த்து, நேரமில்லை என்று சொல்லிவிட்டேன்.

லுஹரைப் பாதையோரப் பள்ளியொன்றில் தொழுதுவிட்டு, சாப்பாட்டையும் வேனுக்குள்ளேயே முடித்துக்கொண்டு, பங்சலுக்கு வந்து சேரும்போது நேரம் இரண்டரை. எல்லோருக்கும் களைப்பு. பேத்தி தூங்கிவிட்டாள்.

கிலி

பங்சலுக்கு எதிரே கிலி ஆயர், கிலி மேனோ, கிலி த்ரவாங்கன் என மூன்று தீவுகள். 'கிலி' என்றால் சசாக் மொழியில் சிறு தீவு. நம் தமிழில் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். அன்று பின்னேரம் எனக்கு இரண்டு அர்த்தமும் விளங்கியது.

இந்தத் தீவுகளில் மோட்டார் வாகனங்கள் இல்லை. குதிரை வண்டியும் சைக்கிளும் தான். சுற்றிவர முருகைக்கல். பெரிய கடலாமைகள் கரையோரத்திலேயே புல் மேய்வதைப் பார்க்கலாம். முகத்தில் கண்ணாடி மாட்டி, வாயில் குழாயைக் கவ்விக்கொண்டு, தண்ணீரின் மேலே குப்புற மிதந்தபடி கீழே பார்ப்பதைத்தான் ஸ்நோர்க்கலிங் என்கிறார்கள். ஆழத்துக்கு முக்குளிக்க வேண்டியதில்லை. அதனால் எல்லோரும் இதைச் சின்ன விளையாட்டு என்று நினைக்கிறார்கள்.

ஆனால் அந்தக் கடல் சின்னக் கடல் அல்ல. பசுபிக் சமுத்திரத்தின் தண்ணீர் இந்து சமுத்திரத்துக்குள் இறங்கும் பெரிய வாய்க்கால்களில் லொம்பொக் நீரிணையும் ஒன்று. 1856 இல் வாலஸ் என்ற ஆங்கில இயற்கை ஆய்வாளர் பாலியிலிருந்து இதைக் கடந்து வந்தபோது, இரு கரையிலும் பறவைகள் வேறு வேறாக இருப்பதைக் கண்டு வியந்தார். அவ்வளவு ஆழமான, பழைய பிரிவு அது. தீவுகளுக்கு இடையிலுள்ள கால்வாய்களில் நீரோட்டம் சில நேரங்களில் ஆறு போல ஓடும்.

எங்களுக்குக் கிடைத்த படகோட்டி அறுபது வயதிருக்கும் ஒரு சசாக் மனிதர். சாரதி தான் மொழிபெயர்த்தார். படகோட்டி கடலைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், பேத்தியைப் பார்த்தார். "இன்று வேண்டாம். காற்று எழும்பிவிட்டது. பிறையும் பதினைந்து. நீரோட்டம் பலமாக இருக்கும். வேறொரு நாள் காலையில் வாருங்கள்" என்றார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அவர் விலை கூட்டிக் கேட்பதற்காகத்தான் அப்படிச் சொல்கிறார் என்று நினைத்தேன். முப்பது வருடமாகக் கடையில் நின்றவனுக்கு வேறெப்படி நினைக்கத் தோன்றும்? கூலியைக் கூட்டித் தருகிறேன் என்றேன். அவர் பேசாமல் நின்றார். பிறகு சாரதியிடம் மெதுவாக ஏதோ சொன்னார். சாரதி எங்களிடம் திரும்பி, "எல்லோரும் உயிர்காப்பு அங்கி போட வேண்டும், கழற்றக்கூடாது. அவர் காட்டும் இடத்தை விட்டு அப்பால் போகக்கூடாது. சரியென்றால் வருகிறாராம்" என்றார். சரி என்றேன்.

கிலி மேனோவுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். மனைவியும் பேத்தியும் படகிலேயே இருந்தார்கள். மகளும் மருமகனும் இளைய மகனும் இறங்கினார்கள். பத்து நிமிடம் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அங்கி போட்டால் கீழே போக முடியாது, மேலேயே மிதக்க வைக்கும். கீழே ஆமையைக் கண்ட என் மகன் அங்கியைக் கழற்றிப் படகின் மரத்தில் கொழுவிவிட்டு மறுபடியும் இறங்கியிருக்கிறான். நான் கையடக்கத் தொலைபேசியில் கடைப் பையனுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். அன்று ஒரு காசோலை பாஸாக வேண்டிய நாள்.

ஆமையைப் பின்தொடர்ந்து போனவன் முருகைக்கல்லின் விளிம்பைத் தாண்டிவிட்டான். அங்கே தான் நீரோட்டம். தலையைத் தூக்கிப் பார்த்தபோது படகு தூரத்தில். பயந்துபோய் ஓட்டத்துக்கு எதிராக நீந்தப் பார்த்திருக்கிறான். நீந்த நீந்தப் பின்னால் தான் போனான். கண்ணாடிக்குள் தண்ணீர் ஏறிவிட்டது. "வாப்பா" என்று ஒரு குரல் கேட்டது. நான் எழுந்து பார்க்கும்போது அலைகளுக்கு நடுவே ஒரு தலை தெரிந்தது, மறைந்தது.

எனக்கு நீந்தத் தெரியாது.

படகோட்டி என் குரலுக்குக் காத்திருக்கவில்லை. அதற்கு முன்பே எஞ்சினைத் தட்டிவிட்டார். நேரே பையனிடம் போகாமல், சுற்றிப்போய் ஓட்டம் போகும் பக்கத்தில் அவனுக்கு முன்னால் படகை நிறுத்தினார். நீரோட்டமே அவனைப் படகிடம் கொண்டு வந்து சேர்த்தது. கயிற்றை எறிந்து இழுத்தார். எல்லாம் ஐந்து நிமிடம் இருக்காது. மகன் படகுக்குள் விழுந்து உப்புத் தண்ணீராக வாந்தி எடுத்தான். மற்ற இருவரையும் ஏற்றிக்கொண்டு கரைக்கு வந்தோம். வழியில் ஒருவரும் பேசவில்லை.

கரையில் இறங்கியதும் பேசிய கூலியையும், கூட்டித் தருவதாகச் சொன்ன தொகையையும், அதற்கு மேலும் கொஞ்சம் வைத்து நீட்டினேன். அவர் எண்ணிப் பார்த்து, முதலில் கேட்ட கூலியை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தந்தார். சாரதி மூலம் அவர் சொன்னது இது தான்: "பிள்ளைகளோடு தெற்கே செகொத்தொங் பக்கம் போங்கள். அங்கே கடல் குளம் மாதிரி. இங்கே வருவதானால் பிறை தேய்ந்த பிறகு, காலையில் வாருங்கள்."

அன்றிரவு மனைவி ஒரே ஒரு வார்த்தை தான் கேட்டாள். "கடையப் பூட்டிட்டு வந்தது பிள்ளைகளுக்காகத்தானே? வேன் கூலிய மிச்சம் புடிக்கவா வந்தோம்?" பதில் சொல்ல என்னிடம் எதுவும் இருக்கவில்லை. இரண்டு ரக்அத் தொழுதுவிட்டுப் படுத்தேன். தூக்கம் வரவில்லை.

பிறகு போட்ட திட்டம்

அடுத்த நாள் எங்கும் போகவில்லை. மகன் பகல் வரை தூங்கினான். பின்னேரம் எல்லோரும் கடற்கரையில் இருந்து சுட்ட சோளன் சாப்பிட்டோம். அந்தப் பயணத்தில் நான் என் மகனோடு ஒரு மணித்தியாலம் தொடர்ந்து கதைத்தது அன்று தான்.

அதற்கு அடுத்த நாள் படகோட்டி சொன்னபடி தென்மேற்கே செகொத்தொங்குக்குப் போனோம். அந்தக் கரையிலிருந்து கிலி நங்கு, கிலி சூடாக், கிலி கெடிஸ் என்ற சிறிய தீவுகளுக்குப் படகு எடுக்கலாம். குடாவுக்குள் இருப்பதால் அலை குறைவு. காலை ஒன்பது மணிக்குத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. கரையிலிருந்து பத்தடி போனாலே வண்ண வண்ண மீன்கள். பேத்தி கூட அங்கி போட்டுக்கொண்டு தாயின் கையைப் பிடித்தபடி பார்த்தாள். மகன் முதலில் இறங்க மாட்டேன் என்றான். மருமகன் வற்புறுத்தவில்லை, "மச்சான், நான் கையைப் பிடிச்சிக்கிறேன். வேணும்னா வாங்க" என்று மட்டும் சொன்னார். அரை மணித்தியாலம் கழித்து இறங்கினான். பதினொரு மணிக்கெல்லாம் கரைக்கு வந்துவிட்டோம். அன்றைக்கு வேறெதுவும் பார்க்கவில்லை. எல்லோரும் சந்தோசமாகத் திரும்பினோம்.

பட்ட பின் அறிந்தவற்றை இங்கே வரிசையாகத் தருகிறேன்.

1. ஒரு நாளுக்கு ஒரு திசை. மலைக்குப் போகும் நாளில் கடல் வேண்டாம். கடலுக்குப் போகும் நாளில் மலை வேண்டாம். வேன் வாடகையில் மிச்சம் பிடிப்பதை விட, தங்கும் இடத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்வது நல்லது. சில நாள் கரையில், சில நாள் மலையடிவாரத்தில் என்று தங்கினால் பாதையில் கழியும் நேரம் குறையும்.

2. கடலுக்குக் காலையில் போங்கள். ஏழு, எட்டு மணிக்குப் படகில் இருக்க வேண்டும். பகல் சாப்பாட்டுக்கு முன் கரையில் இருக்க வேண்டும். மே முதல் ஒக்டோபர் வரை அங்கே வறண்ட காலம். ஆனாலும் ஜூலை, ஓகஸ்டில் தென்கிழக்குக் காற்று பலமாக வீசும்.

3. பிறையைப் பாருங்கள். இது நமக்கு இலேசான விசயம். ஹிஜ்ரி கலண்டர் நம் வீட்டுச் சுவரிலேயே தொங்குகிறது. தலைப்பிறையை ஒட்டியும், நோன்பு நோற்கும் அய்யாமுல் பீழ் நாட்களை ஒட்டியும் வற்றுப்பெருக்குப் பெரிதாக இருக்கும். அதற்குப் பின் வரும் ஓரிரு நாட்களும் அப்படித்தான். அப்போது கால்வாய்களில் ஓட்டம் பலம். பிறை எட்டு, இருபத்திரண்டை ஒட்டிய நாட்களில் ஓட்டம் குறைவு. பயணத் திகதியை முடிவு செய்ய முன் இதையும் பாருங்கள்.

4. ஓட்டத்தில் அகப்பட்டால் எதிர்த்து நீந்தக்கூடாது. அங்கியோடு மிதந்து, கையை உயர்த்திக் காட்ட வேண்டும். படகு வந்து எடுக்கும். ஓட்டத்தை விட்டு வெளியேற நீந்துவதானால் குறுக்கே நீந்த வேண்டும். தண்ணீருக்குள் இறங்க முன்பே இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். தனியே எவரையும் விட வேண்டாம். இரண்டு இரண்டு பேராக இறங்க வேண்டும்.

5. படகில் ஏற முன் அங்கிகளை எண்ணுங்கள். ஆளுக்கு ஒன்று, பிள்ளைகளுக்குப் பிள்ளைகளின் அளவில் இருக்க வேண்டும். தண்ணீரிலிருந்து ஏறுவதற்கு ஏணி இருக்கிறதா பாருங்கள். குடும்பத்தில் ஒருவர் படகிலிருந்து தண்ணீரில் இருப்பவர்களையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவர் கையில் தொலைபேசி இருக்கக்கூடாது.

6. கண்ணாடியை முதலில் பரீட்சியுங்கள். பட்டியை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை இழுங்கள். கையை விட்டாலும் விழாமல் நின்றால் அளவு சரி. மீசை, தாடி உள்ளவர்களுக்குத் தண்ணீர் கசியும். மேலுதட்டில் கொஞ்சம் வாஸ்லின் பூசினால் குறையும். வாடகைக் கண்ணாடிகள் பல பழுதானவை. பிள்ளைகளுக்கு இங்கிருந்தே வாங்கிக்கொண்டு போவது நல்லது. முதல் நாள் இடுப்பளவுத் தண்ணீரில் பழக்குங்கள்.

7. பெண்கள் உடல் மறைக்கும் நீச்சல் உடையோடு இறங்கலாம். முஸ்லிம் ஊர் என்பதால் எவரும் வித்தியாசமாகப் பார்ப்பதில்லை. ஆனால் அபாயாவோடு ஆழத்தில் இறங்குவது ஆபத்து. நனைந்த துணி காலைச் சுற்றும், பாரமாகிக் கீழே இழுக்கும். இரவுக் கேளிக்கைகள் அதிகமுள்ளது கிலி த்ரவாங்கன். குடும்பத்தோடு தங்குவதானால் கிலி ஆயரோ கிலி மேனோவோ பொருத்தம்.

8. முருகைக்கல்லில் மிதிக்காதீர்கள், ஆமையைத் தொடாதீர்கள். முருகைக்கல் உயிருள்ள பொருள். கை அகலம் வளர வருடக் கணக்காகும். அந்த ஊராருக்கு அது தான் முதல். நாம் அவர்களுடைய முதலில் கால் வைக்கக்கூடாது.

9. தொழுகை நேரத்தைத் திட்டத்துக்குள்ளே எழுதுங்கள். ஜம்உ, கஸ்ர் சட்டம் எத்தனை நாள் தங்குகிறோம் என்பதைப் பொறுத்து மாறும். போக முன்பே ஆலிம் ஒருவரிடம் கேட்டுக்கொண்டால் படகுத் துறையில் நின்று தர்க்கப்பட வேண்டியதில்லை.

10. கடைசி நாளை வெறுமையாக விடுங்கள். எரிமலை நாட்டில் சாம்பல் எழும்பினால் விமானம் ஓடாது. 2015 இல் பாருஜாரியின் சாம்பலால் பாலி விமான நிலையமே மூடப்பட்டது. 2018 இல் லொம்பொக்கில் பெரும் பூமியதிர்ச்சிகள் ஏற்பட்டு ஐந்நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். மூன்று கிலித் தீவுகளிலிருந்தும் சுற்றுலாப் பயணிகளைப் படகுகளில் வெளியேற்றினார்கள். திரும்பி வரும் மறுநாளே வங்கியில் காசு போட வேண்டும், கொள்கலன் இறக்க வேண்டும் என்று திகதி கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். போகும்போது உங்களுக்குப் பதிலாகக் காசோலை விசயத்தைப் பார்க்க ஒருவரை நியமித்துவிட்டுப் போங்கள். நான் அதைச் செய்திருந்தால் அந்தப் பத்து நிமிடமும் என் கண் தண்ணீரில் இருந்திருக்கும்.

வேண்டாம் என்று சொன்ன வியாபாரி

இவ்வளவும் வெளிநாட்டுக்குப் போகிறவர்களுக்கு மட்டும் அல்ல. நமது நிலாவெளிக்கு எதிரே புறாத்தீவு இருக்கிறது. 2003 இல் அதைத் தேசிய பூங்காவாக ஆக்கினார்கள். அங்கே மே முதல் செப்டெம்பர் வரை கடல் அமைதி. கற்பிட்டிப் பக்கம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. அதிகாலைப் படகு, ஆளுக்கு ஓர் அங்கி, பிறை பார்த்த திகதி என்ற இதே கணக்கு அங்கேயும் பொருந்தும். வெளிநாட்டுக்குப் போக வசதியில்லாதவர்கள் பிள்ளைகளை அங்கே கூட்டிப் போகலாம்.

முடிக்க முன் வியாபாரம் பற்றி ஒரு வார்த்தை. கரையோரத்தில் படகு, ஹோட்டல், வேன் என்று தொழில் செய்யும் நம் சகோதரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அந்தப் படகோட்டிக்கு அன்று வேறு சவாரி இருக்கவில்லை. இருந்தும் அவர் முதலில் வேண்டாம் என்றார். பிறகு எங்களை வேறு கரைக்கு, வேறு படகுக்காரர்களிடம் அனுப்பினார். நாமாக இருந்தால் வந்த கிராக்கியை அப்படி விட்டிருப்போமா? ஊருக்கு வந்த பிறகு லொம்பொக் போகிறேன் என்று என்னிடம் வந்த மூன்று குடும்பங்களுக்கு நான் கொடுத்தது அவருடைய பெயரைத்தான். எந்த விளம்பரமும் அவருக்கு இதைச் செய்து கொடுத்திருக்காது. உண்மை பேசும் நம்பிக்கையான வியாபாரி மறுமையில் யாரோடு இருப்பார் என்பதை நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக ஜும்ஆக்களில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறோம். அப்படி ஒருவரை ஒரு படகுத் துறையில் கண்டேன். அவர் சொன்னதைப் பேரம் என்று எடுத்துக்கொண்டதற்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.

என் மகன் இப்போது வாரத்தில் இரண்டு நாள் நீச்சல் பழகப் போகிறான். அவனுடைய வற்புறுத்தலால் ஐம்பது வயது கடந்த நானும் சேர்ந்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை பின்னேரம் கடையை இரண்டு மணித்தியாலம் முந்தியே பூட்டுகிறேன். வியாபாரம் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

அடுத்த விடுமுறைக்குத் திட்டம் போடும் சகோதரர்களே, இடங்களின் பட்டியலை எழுதி முடித்த பிறகு அதில் பாதியை வெட்டிவிடுங்கள். அந்த ஊர்க்காரன் வேண்டாம் என்று சொன்னால் விலை பேசாதீர்கள். மீதியை அல்லாஹ் பார்த்துக்கொள்வான், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.